பாம்புக்கடியும் வைத்தியர் கற்ற பாடமும்

புத்தளக் கடலேரிக்கும் பெருங்கடலுக்கும் நடுவே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணற்றரையே கற்பிட்டிக் குடாநாடு. அதன் நுனிக்கு அப்பால் சிறு தீவுகள் சில தொடர்ந்து செல்கின்றன. அவற்றுள் ஒன்றான பத்தலங்குண்டில், மீன்பிடி காலம் வந்துவிட்டால் வாடிகள் நிறைந்துவிடும். தெற்கே உடப்புக் கிராமத்தில் ஊர் கூடிக் கரைவலை இழுப்பார்கள். வலையின் மடியைக் கரைசேர்த்துக் கொட்டும்போது, மீனோடு மீனாகத் துடுப்புப்போலத் தட்டையான வாலையுடைய பாம்புகளும் வந்து விழுவது இக்கரையில் புதுமையன்று. உள்நோக்கிச் சென்றால் தென்னந்தோப்பும், வயலும், சேனையும், அப்பால் வில்பத்துக் காடும். அங்கே வாழும் பாம்புகள் வேறு. அவற்றின் நஞ்சும் வேறு.

நேயர்களே, இத்தகைய ஓரிடத்தில் நள்ளிரவில் ஒருவனைப் பாம்பு தீண்டிவிடுகிறதென்று வைத்துக்கொள்வோம். அவனைத் தூக்கிக்கொண்டு அயலவர் அருகிலுள்ள சிற்றூர் வைத்தியசாலைக்கு ஓடுகின்றனர். அங்கே பணியிலிருப்பவர் ஓர் இளம் வைத்தியர். துணைக்கு ஒரு தாதி. பெரிய வைத்தியசாலை தொலைவில் இருக்கிறது. நூலைப் புரட்ட நேரமில்லை. ஆசிரியரைக் கேட்கவும் வழியில்லை. அந்த அரைமணி நேரத்தில் அவர் செய்வது எதுவோ, செய்யாமல் விடுவது எதுவோ, அதைப் பொறுத்தே அவன் உயிர் நிற்கும். அந்த வைத்தியருக்குத் தெரிந்தது எங்கிருந்து வந்தது? அதன் வரலாறு இரு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்டது. அவ்வரலாற்றில் வெற்றிகளைவிடத் தவறுகளே மிகுதி.

கதை சோழமண்டலக் கரையிலேயே தொடங்குகிறது. பத்ரிக் ரசல் என்னும் ஸ்கொட்லாந்து வைத்தியர் 1780களில் விசாகப்பட்டினத்திலும் சென்னை மாகாணத்தின் பிற பகுதிகளிலும் இருந்து, கும்பினியாருக்காக இயற்கை ஆராய்ச்சி செய்தவர். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1796இல் வெளிவந்தது. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி பிற்காலத்தில், 1834இல், இலங்கையின் ஊர்களையும் செய்திகளையும் அகரவரிசையில் தொகுத்து வெளியிட்டது போல, ரசலும் உள்ளூரவர் வாய்ச்சொற்களைப் பொன்போலப் போற்றிச் சேர்த்து வைத்தார். மீனவர் வழங்கிய ‘வலக்கடியன்’ என்ற கடற்பாம்புப் பெயர் அவர் நூல் வழியே ஐரோப்பாவுக்குப் போய், பின்னர் விலங்கியலாரின் இலத்தீன் பெயர்களுள்ளும் ஒன்றாக ஏறி நின்றது. வலையிற் கிடந்து கடிப்பது என்னும் பொருளில் பிறந்த பெயராகவே அதைக் கொள்ளத் தோன்றுகிறது. அறிஞருக்கு முன்பே அந்தப் பாம்பை அறிந்தவர் வலை இழுத்தவரே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அக்காலத்தில் தஞ்சாவூர் மாத்திரை என்று ஒரு குளிகை பெரும்பேர் பெற்றிருந்தது. பாஷாணமும் இரசமும் கலந்தது அது. அதை உண்டு பிழைத்தவர் பலர் என்று மக்கள் சத்தியம் செய்தனர். ரசல் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவுமில்லை, இகழ்ந்து தள்ளவுமில்லை. கோழிகளையும் நாய்களையும் பாம்பு கடிக்கச் செய்து, மருந்து கொடுத்தும் கொடாமலும் ஒப்பிட்டுப் பார்த்தார். குளிகையின் புகழுக்கு ஏற்ற பயனை அவர் காணவில்லை. ஆனால் பிழைத்தவர் பலர் என்று மக்கள் சொன்னதும் பொய்யன்று. கடிக்கும் பாம்பு ஒவ்வொரு முறையும் நஞ்சை உட்செலுத்துவதில்லை. பல் பதிந்தும் நஞ்சு இறங்காத கடிகள் பல உண்டு. அத்தகைய நோயாளிக்கு எதைக் கொடுத்தாலும் அவன் எழுந்து நடப்பான். புகழ் மருந்துக்குப் போய்விடும். பச்சிலையானாலும், மந்திரமானாலும், கல்லானாலும், ஏன், பட்டம் பெற்ற வைத்தியர் கொடுக்கும் ஊசியானாலும் இந்த மயக்கம் ஒன்றே. நம் நாட்டு விஷகடி வைத்தியரைப் பழிப்போர் இதை மறந்துவிடுகின்றனர். அவர்கள் கண்ணாற் கண்டதையே நம்பினர். கண்டதை எண்ணி ஒப்பிடும் வழி அவர்களுக்குக் கிட்டவில்லை.

1872இல் ஜோசப் பேயரர் இந்தியாவின் நச்சுப்பாம்புகளைப் பற்றிப் பெரியதொரு நூல் வெளியிட்டார். அன்று வழங்கிய மருந்துகளையெல்லாம் சோதித்தபின் நம்பத்தக்கது ஒன்றுமில்லை என்ற முடிவுக்கே அவர் வரவேண்டியிருந்தது. விடை 1890களின் நடுவில் பிரான்சிலிருந்து வந்தது. பாஸ்டரின் வழிவந்த அல்பேர் கல்மெத், சிறுகச் சிறுக நஞ்சேற்றப் பழக்கிய விலங்கின் இரத்தத்திலிருந்து நஞ்சுமுறிச் சீரத்தை உண்டாக்கிக் காட்டினார். நாகத்தின் நஞ்சைக்கொண்டு செய்த அச்சீரம் எல்லாப் பாம்புக்கும் மருந்தாகும் என்று அவர் எண்ணினார். அது பிழையென்று இந்தியாவில் ஜோர்ஜ் லாம்ப் முதலிய வைத்தியர்கள் விரைவிலேயே காட்டினர். நாகத்தின் சீரம் விரியனுக்கு உதவாது. ஒவ்வொரு நஞ்சுக்கும் அதனதன் முறி வேண்டும். இந்த ஒரு பாடத்தைத்தான் பின்வந்த வைத்தியர் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் நோயாளியின் உயிரை விலையாகக் கொடுத்துக் கற்றனர் என்று சொல்லலாம்.

பின்னர் பம்பாயின் ஹாவ்கின் நிறுவனம் போன்ற இடங்களில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சையும் குதிரைக்கு ஏற்றி, நான்குக்கும் பொதுவான சீரம் செய்யப்பட்டது. இன்றும் இலங்கை வைத்தியசாலைகள் பெரிதும் இந்தியாவிலிருந்து வரும் இவ்வகைச் சீரத்தையே நம்பியிருக்கின்றன. அதற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்கு அண்மையிலுள்ள வடநெம்மேலியிலிருந்து வருகிறது. 1978இல் அங்கே இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. பாம்பின் தோலுக்காக அதைக் கொன்று வாழ்ந்த அம்மக்கள், தோல் வணிகம் தடைப்பட்டபின், பாம்பை உயிரோடு பிடித்து நஞ்சைக் கறந்து மீண்டும் காட்டில் விடும் தொழிலை மேற்கொண்டனர். வழித்தடத்தையும் வளையின் வாயையும் பார்த்தே உள்ளிருப்பது இன்ன பாம்பு என்று சொல்லும் அவர்கள் அறிவின்மேல்தான் எத்தனையோ வைத்தியசாலைகளின் பாம்புக்கடி வைத்தியம் நிற்கிறது.

ஆனால் செங்கற்பட்டுப் பாம்பின் நஞ்சும் இலங்கைப் பாம்பின் நஞ்சும் ஒன்றா? இங்குதான் இலங்கையின் தனிக்கதை பிறக்கிறது.

கண்ணாடி விரியனை இலங்கைத் தமிழர் புடையன் என்பர். வயலிலும் வரப்பிலும் கிடக்கும் இப்பாம்பின் கடி, இரத்தம் உறையாமற் செய்து ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் கசியவைக்கும் என்பது உலக நூல்களில் எழுதப்பட்டிருந்தது. இலங்கை வைத்தியரோ வேறொன்றையும் கண்டனர். நோயாளியின் கண்ணிமைகள் தாழ்ந்தன, பார்வை இரட்டையாயிற்று, தசைகள் நொந்து சிறுநீர் கருநிறமாயிற்று. நூலை மட்டும் நம்பியவர், இமை தாழ்ந்ததைக் கண்டதும், தீண்டியது நாகமோ கட்டுவிரியனோ என்று மயங்கியிருப்பார். அனுராதபுரத்தில் நிச்சயமாகப் புடையன் கடித்த 23 நோயாளரை உள்நாட்டு வைத்தியரும் டேவிட் வொறல் முதலிய ஆங்கில அறிஞரும் கூர்ந்து கவனித்து 1988இல் வெளியிட்ட கட்டுரை இதை உலகுக்கு உறுதிப்படுத்திற்று. அக்கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு கசப்பான உண்மையும் இருந்தது: அப்போது வழங்கிய இந்தியச் சீரம் இலங்கைப் புடையனின் நஞ்சை முறிக்கத் தவறியது என்பதே அது.

அதன்பின் இலங்கைப் புடையனின் நஞ்சையே கொண்டு, செம்மறியாட்டின் குருதியிலிருந்து தனிச்சீரம் ஒன்று செய்து 1990களில் இங்கே சோதித்தனர். அது நிலையான வழக்குக்கு வரவில்லை. பின்னாளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தார், கொஸ்தரிக்கா நாட்டின் புகழ்பெற்ற நிறுவனத்தோடு சேர்ந்து, இலங்கைப் பாம்புகளுக்கென்றே சீரம் செய்யும் முயற்சியை மேற்கொண்டனர். ஏழை உழவனைக் கடிக்கும் பாம்புக்கு மருந்து செய்வதில் இலாபம் குறைவு. உலக வணிகத்துக்கு அதில் ஊக்கமில்லாததை வியப்பென்று சொல்ல முடியாது.

சீரம் கிடைத்தால் மட்டும் இடர் தீர்ந்துவிடுவதில்லை. குதிரையின் குருதிப்பொருள் மனிதன் உடலிற் சேர்ந்ததும் சிலருக்கு உடல் தடித்து, மூச்சுத் திணறி, நாடி விழுந்து, சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து நேரும். நஞ்சைவிட மருந்துக்கு அஞ்சிய சிற்றூர் வைத்தியர் பலர், சீரம் கையிலிருந்தும் போடாமல், நோயாளியைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவதே நலம் என்று எண்ணினர். அவர்களைக் குறை சொல்வது எளிது. தனியாக நின்று, நல்லதென்று கருதிப் போட்ட ஊசியினால் ஒருவன் கண்முன்னே துவளுவதைப் பார்க்கும் அச்சம் எத்தகையது என்பதை அனுபவித்தவரே அறிவர். ஆயினும் வண்டியில் கழியும் ஒவ்வொரு மணித்தியாலமும் நஞ்சு வேலைசெய்யும் மணித்தியாலம். கற்பிட்டியிலிருந்து புத்தளத்துக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர். பத்தலங்குண்டிலிருந்து கற்பிட்டிக்கு வரவே படகுதான் வேண்டும்.

இந்த அச்சத்துக்கு விடைகண்ட ஆய்வு இலங்கையிலேயே நடந்தது. சீரத்துக்கு முன்பு சில வைத்தியர் ஒவ்வாமை தடுக்கும் மாத்திரை, ஊசி எனப் பலவற்றைக் கொடுத்துவந்தனர். எது பயன்தரும் என்பது எவருக்கும் நிச்சயமில்லை. வழக்கம் மட்டுமே இருந்தது. மூன்று வைத்தியசாலைகளில் 1007 நோயாளரை வகுத்துச் செய்த சோதனையின் முடிவு 2011இல் வெளியாயிற்று. நால்வரில் மூவருக்குச் சீரத்தால் ஏதேனும் ஒரு தீவிளைவு நேர்ந்தது என்று அது காட்டிற்று. அந்த எண் அதிர்ச்சி தருவது. சீரம் ஏற்றுவதற்குச் சற்று முன்னர் தோலின் கீழே மிகச் சிறிய அளவில் அட்ரினலின் கொடுத்தால் கடுமையான தீவிளைவுகள் பெரிதும் குறையும் என்றும், காலங்காலமாக நம்பிக் கொடுத்துவந்த மற்ற இரு மருந்துகளும் அத்தகைய காப்பைத் தரவில்லை என்றும் அது காட்டிற்று. ரசல் கோழிகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்த அதே முறைதான். ஆனால் இம்முறை ஒப்பிடப்பட்டவர் நம் உழவரும் மீனவரும். அவர்கள் இசைந்திராவிட்டால் இவ்வறிவு பிறந்திராது.

இனி, இந்த வைத்தியத்தின் மிக எளிய கருவியைச் சொல்லவேண்டும். அது ஒரு சிறிய கண்ணாடிக் குழாய். நோயாளியின் இரத்தத்தில் சில துளிகளை அதில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்திவைத்துப் பின் சாய்த்துப் பார்க்கவேண்டும். உறைந்திருந்தால் அந்நேரத்துக்கு நலம். தண்ணீராக ஓடினால் விரியனின் நஞ்சு இரத்தத்தின் உறையுந்தன்மையைக் கெடுத்துவிட்டது என்று பொருள். சீரம் போடவேண்டிய வேளை அதுவே. மின்சாரம் வேண்டாம், ஆய்வுகூடம் வேண்டாம். ஆனால் குழாய் கண்ணாடியாகவே இருக்கவேண்டும். பிளாஸ்டிக் குழாய் உதவாது. சவர்க்காரம் போட்டுக் கழுவிய பழைய குழாயும் உதவாது. அது நல்ல இரத்தத்தையும் உறையவிடாது ஏமாற்றிவிடும். ஒருமுறை பார்த்ததோடு நின்றுவிடவும் கூடாது. நஞ்சு மெல்லப் பரவுவதால் மணிக்கணக்கிட்டுத் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும். இத்தகைய நுணுக்கங்கள் பரீட்சைக்குப் படித்த நூலில் ஒரு வரியாகக் கிடக்கும். கட்டிலருகே ஒருவர் செய்துகாட்டக் கண்டவருக்கோ அவை கைவழக்கமாகிவிடும்.

கட்டுவிரியன் கற்பித்த பாடம் இதைவிடக் கொடியது. இரவில் வீட்டினுள் நுழைந்து, தரையிற் பாய் விரித்துத் துயில்வோரைத் தீண்டுவது அதன் இயல்பு. கடி எறும்புக் கடிபோல. சில வேளை தடமும் தெரியாது. விடியலில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பான். வயிற்றுக்கோளாறு என்றே வீட்டாரும், சில வேளை வைத்தியரும், கொள்வர். பின் இமை தாழும், விழுங்க இயலாது, மூச்சுத் தசைகள் சோர்ந்துபோகும். அனுராதபுரத்தில் 1996 முதல் 1998 வரை 210 நோயாளரைக் கவனித்த ஆய்வு ஒன்று, ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் செயற்கைச் சுவாசம் வேண்டியிருந்ததைக் காட்டிற்று. அவ்வாறு முடங்கிக் கிடப்பவன் கண் அசையாது, கைகால் அசையாது, பார்ப்பவர் உயிர் பிரிந்ததென்றே எண்ணுவர். ஆனால் அவன் அறிவு தெளிவாக இருக்கக்கூடும்; கட்டிலைச் சூழ நின்று பேசுவதெல்லாம் அவன் காதில் விழக்கூடும். பொறியில்லாத சிற்றூரில், காற்றுப்பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சூட்டியபடியே நெடுந்தூரம் கொண்டுசெல்லப்பட்டுப் பிழைத்தவர் உண்டு. கைவிடாதே, அவன் இன்னும் உயிரோடிருக்கிறான் என்று ஒருவர் முன்பே கற்பித்திருந்தால் மட்டுமே அந்தக் கை அமுக்கிக்கொண்டிருக்கும். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட பல்லாயிரம் முஸ்லிம் மக்கள் புத்தளத்தில் கிடுகுக் குடிசைகளில், மண்தரையில், ஆண்டுக்கணக்கில் துயின்றதை நினைக்கும்போது, கட்டில் என்பதும் ஒரு மருந்துதான் என்று தோன்றும்.

உள்நாட்டில் மேலும் ஒரு சிறு பாம்பு உண்டு. மூக்கின் நுனி மேல்நோக்கிய சிறுவிரியன் அது. சிங்கள மக்கள் குணகட்டுவா என்பர். இலங்கையில் மிகுதியாகக் கடிப்பவற்றுள் அதுவும் ஒன்று. நெடுங்காலம் அதைத் தீங்கற்றது போலவே எண்ணினர். சிலருக்குச் சிறுநீரகம் பழுதுறுவதைக் கண்டபின்தான் கருத்து மாறிற்று. இந்தியச் சீரத்தில் அதற்கு முறி இல்லை. புடையன் குட்டி என்று மயங்கிச் சீரம் போட்டால் பயன் ஒன்றுமில்லாமல் தீவிளைவு மட்டும் மிஞ்சும்.

கடற்பாம்புக்கு மீள்வோம். அதன் நஞ்சைப் பற்றிய தெளிவு மலாயாவிலிருந்து வந்தது. பினாங்கில் பணிபுரிந்த அலிஸ்டர் ரீட் என்னும் வைத்தியர் 1950களில் மீன்பிடிக் கிராமங்களுக்கு நேரே சென்று, வலை இழுப்போரிடம் கேட்டுக் கேட்டுக் கடிகளைக் கணக்கெடுத்தார். வைத்தியசாலைக்கு வராத கடிகளே மிகுதி என்று அவர் கண்டார். பெரும்பாலான கடிகளால் தீங்கு நேர்வதில்லை; நஞ்சு இறங்கிய சிலருக்கோ உடலெங்கும் தசைநோவு, தாடை இறுக்கம், பின் கருஞ்சிறுநீர், இறுதியில் சிறுநீரகக் கேடு. கடித்த இடத்தில் வலியே இராது என்பதால் மீனவர் அதைப் பொருட்படுத்தாது விட்டுவிடுவர். இலங்கையில் வலக்கடியன் கடித்துக் கடும் நஞ்சேறிய மூவரின் வரலாறு 2014இல் ஓர் ஆய்விதழில் வெளியாயிற்று. இந்தியாவிலிருந்து வரும் சீரத்தில் கடற்பாம்புக்கு முறி கிடையாது. நீரேற்றி, சிறுநீரகத்தைக் காத்து, மூச்சுக்குத் துணைநின்று பொறுத்திருப்பதே வைத்தியம். ஆகவே கற்பிட்டியிலோ உடப்பிலோ பணிபுரியும் வைத்தியர், உடம்பு நோகிறது என்று வரும் மீனவனிடம், இன்று வலையில் பாம்பு வந்ததா என்று கேட்கத் தெரிந்திருக்கவேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கொழும்பில் இருந்துகொண்டு கற்க முடியாது.

இவ்வறிவெல்லாம் சிற்றூர் வைத்தியரைச் சென்று சேர்ந்தது எவ்வாறு? கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870இல் தோன்றிற்று. அதற்கு முன்பே மானிப்பாயில் சாமுவேல் பிஷ் கிறீன் மாணவரைக் கட்டிலருகே நிறுத்திப் பயிற்றி, 1864 முதல் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்துவந்தார். அவர் மாணவர் ஊர்களிற் பரவியிருந்து பணிசெய்தனர். நோயாளி பேசும் மொழியில் வைத்தியனும் சிந்திக்கவேண்டும் என்ற அவர் கொள்கை, பின்வந்த கல்லூரிகளில் நிலைபெறவில்லை. பட்டம் பெற்றபின் கற்பது நெடுங்காலம் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. 1887இல் பிரித்தானிய வைத்திய சங்கத்தின் கிளையாகத் தொடங்கிய இன்றைய இலங்கை வைத்திய சங்கம், பாம்புக்கடிக்கென ஒரு குழுவை அமைத்து, எந்தக் கடிக்கு என்ன செய்வது என்னும் வழிகாட்டியை வெளியிட்டு, புதிய ஆய்வு வந்தபோதெல்லாம் அதைத் திருத்திவந்திருக்கிறது. சிற்றூர் வைத்தியர் நள்ளிரவிலும் அனுபவமிக்கவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கவும் அக்குழு வழிசெய்தது. அவசர வைத்தியம் தனித்துறையாகப் பட்டமேற்படிப்பில் இடம்பெற்றது 2010களிலேதான். 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கிய 1990 என்னும் எண்ணுடைய அவசர வண்டிச் சேவை, பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் பரவிற்று. வழியிலேயே மூச்சைக் காக்கப் பயின்றவர் அவ்வண்டியில் வருவதால், முன்பு வைத்தியசாலை வாயிலில் தொடங்கிய வைத்தியம் இப்போது வீட்டு வாயிலிலேயே தொடங்கக்கூடும்.

இத்தனைக்குப் பின்னும், நாடெங்கும் வீடுவீடாகக் கேட்டறிந்து 2016இல் வெளியிட்ட கணிப்பு, ஓராண்டில் 80,000க்கு மேற்பட்ட கடிகளும் 464 இறப்புகளும் நேர்ந்திருக்கும் என்று மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையிற் சேர்த்தது. கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டுவதும், கத்தியாற் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் தீங்கே தரும் என்று சொல்லியும், அவற்றைச் செய்துகொண்டு வருவோர் இன்னும் உண்டு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், மோதிரம் வளையலைக் கழற்றி, தாமதமின்றிக் கொண்டுவருவதே போதும்.

பாம்பை அடித்துப் பையிலோ பானையிலோ போட்டுக்கொண்டு வருவதும் நம்மூர் வழக்கம். அதைப் பிடிக்கப் போய் இரண்டாமவரும் கடிபடுவதால், வைத்தியர் அதை ஊக்குவிப்பதில்லை. ஆயினும் கொண்டுவந்துவிட்ட பாம்பைக் குப்பையில் எறிந்துவிடாமல், ஆய்வு செய்தவர் பத்திரப்படுத்திவைத்தனர். புடையன்தான் கடித்தது, சிறுவிரியன்தான் கடித்தது என்று மேற்சொன்ன கட்டுரைகள் உறுதியாகப் பேச முடிந்ததே அதனால்தான். அவ்வாறு சேர்ந்த பாம்புகளைத் திராவகம் நிறைந்த கண்ணாடிச் சாடிகளில் இட்டு, அடுத்து வரும் நோயாளியின் உறவினரிடம் காட்டி, இதுவா, அதுவா என்று கேட்பதுண்டு. வந்தவர் சாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, விரலை ஒன்றின்மேல் வைப்பார்; வைத்தியர் கண்ணாடிக் குழாயை எடுத்து, மணியைப் பார்த்துக்கொள்வார்.